பேரனின் டாங்கியும் சமையல் தராசும்

பேரனுடைய ரிமோட் டாங்கிக்கு பேட்டரி வாங்கப் போய் ஏமாந்தேன். 16-ல் ஒரு பங்கு அளவு டாங்கி. பழைய நிக்கல் பேட்டரி பத்து நிமிஷத்தில் படுத்துவிடும். லித்தியம் அயான், 7.4 வோல்ட், '9800 எம்ஏஎச்' என்று ஆன்லைனில் பார்த்ததும், விலையும் குறைச்சல், உடனே போட்டுவிட்டேன்.

வந்தது. ஓடியது ஆறு நிமிஷம்!

உள்ளே இருப்பது 18650 என்கிற செல் இரண்டு. 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம். அந்த உடம்பில் 9800 அடங்காது, நல்ல செல்லுக்கே 3500 பக்கம்தான். வீட்டில் சமையல் தராசில் வைத்தேன். நல்ல செல் ஒன்று 45 கிராம் சுமாருக்கு இருக்கும். இதுவோ இரண்டு செல்லும் ஒயரும் சேர்த்தே 58.

"தாத்தா, அச்சடிச்சிருந்தாங்களே?" என்றான் பேரன். அச்சில் இருப்பதைப் படி என்று 34 வருஷம் பிள்ளைகளிடம் சொன்னவன் நான். வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் 11.1 வோல்ட் போட்டால் பறக்குமே என்று ஆரம்பித்தான். 7.4-க்குச் செய்த போர்டு கருகிவிடும், கூடாது என்றேன். பழைய நிக்கல் சார்ஜரையும் பரணில் ஏற்றியாச்சு. லித்தியத்துக்கு 8.4 வோல்ட்டில் தானே நிறுத்தும் சார்ஜர் வேண்டும், இரண்டு செல்லையும் சமமாக ஏற்றும் மூன்று ஒயர் வெள்ளை பிளக்கோடு.

இந்த முறை கடைக்கே தராசைக் கொண்டுபோனேன். கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும். 2500 எம்ஏஎச், 96 கிராம். சார்ஜ் ஏறும்வரை பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பேரன் இப்போது பிஸ்கட் பாக்கெட்டையும் தராசில் வைத்துத்தான் பிரிக்கிறான்.