நாலரையா, மூன்றரையா?

காரைக்கால்ல பிரான்ஸ் சொந்தம் உள்ள வீடுகள் நிறைய. நம்ம நேரத்துக்கு அவங்க குளிர்காலத்துல நாலரை மணி நேரம் பின்னாடி. மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து அக்டோபர் கடைசி ஞாயிறு வரை மூன்றரைதான்.

இதுல என்ன மேட்டர்னு கேக்குறீங்களா? பி.காம் மக்களே, கவனிங்க! பாரீஸ் அத்தை மார்ச் 31 இரவு 8 மணிக்கு நம்ம கடை சைட்ல பணம் கட்டினா, இங்கே 11.30. டேட்டாபேஸ் எப்பவும் நாலரைன்னே கூட்டினா 12.30, அதாவது ஏப்ரல் 1. வரவு அடுத்த நிதியாண்டுக்குத் தாவிடும் :-)

அதனால எங்க கடைக் கணக்குக்கு மைஎஸ்க்யூஎல்ல மணிக்கணக்குக்குப் பதிலா 'யூரோப்/பாரீஸ்'னு ஊர்ப்பேரையே கொடுத்தேன். பதில்: 'நல்'. காரணம், டைம்ஸோன் அட்டவணைகள் காலி. லினக்ஸோட ஸோன்இன்ஃபோ கோப்புகளை அதுல ஏத்தினதும் 11.30 வந்துச்சு.

நேரத்தை யூடிசில சேமிங்க, காட்டும்போது மட்டும் ஊர் நேரத்துக்கு மாத்துங்க. ஆடிட்டர் கேட்டாலும் பயமில்லை!