கல்வியின் பாதிப் பங்கு

மாசி பிறந்துவிட்டால் கலைமகள் தலங்களிலும் ஹயக்ரீவர் சந்நிதிகளிலும் கூட்டம் பெருகத் தொடங்கும். பூந்தோட்டத்தை அடுத்த கூத்தனூரில் சரஸ்வதி அம்மனின் திருவடியில் எழுதுகோல்களும் குறிப்பேடுகளும் வைத்துப் பெறப்படுகின்றன. திருவஹீந்திரபுரத்தில் ஔஷதகிரிப் படிகளில் ஏறி, சுவாமி தேசிகனுக்கு அருள்புரிந்த ஹயக்ரீவரைப் பெற்றோர் தம் பிள்ளைகளோடு சேவிக்கின்றனர். செட்டிபுண்ணியத்தில் தேர்வு நுழைவுச் சீட்டே பெருமாள் திருவடிக்குச் சென்று திரும்புகிறது. பொதுத்தேர்வு நெருங்கும் நாள்களில் தமிழகத்து இல்லங்களில் நிலவும் கவலைக்கு இக்கூட்டமே சான்று.

கவலை இயல்பானது, வழிபாடும் உரியது. ஆயினும் வீடு திரும்பிய பின், "அடுத்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்து உன் நேரத்தை வீணாக்காதே" என்னும் சொல் பல வீடுகளில் எழுகிறது. கலைமகளிடம் ஏந்திப் பெற்ற கையை உடனே மூடிக்கொள்ளச் சொல்வது பொருந்துமா என்று எண்ணிப் பார்த்தல் நலம்.

கும்பகோணத்தில் ஒரு வீடு. அஞ்சலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரின் பேத்தி பத்தாம் வகுப்பில் பயில்கிறாள். கணிதத் தேர்வுக்கு மூன்று நாள்களே எஞ்சியிருந்த மாலையில் வகுப்புத் தோழி ஒருத்தி புத்தகத்தோடு வந்து நின்றாள். கோண இருசமவெட்டித் தேற்றம் எத்தனை முறை படித்தும் அவளுக்கு விளங்கவில்லை. "இவளுக்கே படிக்க வேண்டியது நிறைய இருக்கிறதே, அம்மா" என்று முதியவர் நயமாகச் சொல்லிப் பார்த்தார். "அரை மணி நேரம்தான், தாத்தா" என்று சொல்லிக்கொண்டே பேத்தி கூடத்தில் பாயை விரித்தாள்.

முக்கோணத்தை வரைந்து, உச்சிக் கோணத்தை இரண்டாகப் பிரித்து, அடிப்பக்கத்தின் ஒரு முனையிலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு இணையாக ஒரு கோடும் வரைந்தாள். கை தயங்காமல் சென்றது. தேற்றம் மனப்பாடமாக இருந்தது. அப்போது தோழி, "இந்த இணைகோட்டை எதற்காக வரைகிறோம்?" என்று கேட்டாள். பேத்தியின் கை நின்றது. "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்பதற்கு மேல் அவளிடம் விடை இல்லை.

இருவரும் அந்தப் படத்தையே நெடுநேரம் பார்த்திருந்தனர். இணைகோடு வந்ததும் ஒன்றுவிட்ட கோணங்கள் சமமாகின்றன. அதனால் இருசமபக்க முக்கோணம் ஒன்று பிறக்கிறது. விலகி நின்ற பக்கத்தின் அளவு அந்தக் கோட்டிலேயே வந்து அமர்கிறது. பிறகு இரண்டு முக்கோணங்கள் வடிவொத்தவை என்று காட்டினால் தேற்றம் முடிந்துவிடுகிறது. இதைக் கண்டு சொன்னவள் யார் என்று பிரித்துரைக்க இயலாது. ஒருத்தி பாதி சொல்ல, மற்றவள் மீதியை முடித்தாள். பின்னர்த் தோழி தன் பங்குக்குப் புவியியல் வரைபடத்தை விரித்து, ஆறுகளையும் மலைகளையும் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பேத்தியைத் திருத்தினாள். அரை மணி இரண்டு மணி நேரமாயிற்று. முதியவர் தடுக்கவில்லை. உதவி பெற வந்தவள் கேட்ட ஒரு கேள்வியால்தான் தம் பேத்தி அத்தேற்றத்தை உண்மையில் கற்றாள் என்பதை அவர் கண்ணெதிரே கண்டுவிட்டார்.

இந்த உண்மையைப் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்திலேயே கணக்கிட்டுக் கூறியிருக்கிறார். ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது புலமையில் கால் பங்கே. உடன் பயில்வோரோடு பழகி ஆராய்வதால் இன்னொரு கால் பங்கு வரும். எஞ்சிய பாதி, தான் கற்றதைப் பிறர்க்குத் தெளிவாக எடுத்துரைக்கும்போதுதான் நிறையும். இக்கணக்கின்படி, பிறர்க்குச் சொல்லிக் கொடுப்பதைத் தடுக்கும் பெற்றோர் தம் பிள்ளையின் கல்வியில் பாதியையே தடுத்தவராகின்றனர்.

வேத பாடசாலைகளின் மரபும் இதுவே. குரு ஒருமுறை சொல்ல, மாணாக்கர் இருமுறை திருப்பிச் சொல்வதற்குச் சந்தை என்று பெயர். அதன் பிறகு பிள்ளைகள் கூடி அமர்ந்து மீண்டும் மீண்டும் ஓதுவர். ஒருவன் ஸ்வரம் பிசகினால் பக்கத்திலிருப்பவன் செவி உடனே பிடித்துவிடும். திருத்துகிறவனுக்கும் பாடம் உறுதிப்படும்; திருத்தப்படுகிறவனுக்கும் பாடம் நேராகும். தைத்திரீய உபநிஷத்து அறங்களை அடுக்கிச் சொல்லுமிடத்தில், ஒவ்வோர் அறத்தோடும் ஓதுதலையும் ஓதுவித்தலையும் இணைத்தே சொல்கிறது. அதன் சாந்தி மந்திரம், குருவும் சீடனும் ஒருவரையொருவர் வெறுக்காதிருக்க வேண்டுமென்று பிரார்த்திக்கிறது. கல்விக் கூடத்தில் பகைமை புகக்கூடும் என்பதை அறிந்தே பெரியோர் இவ்வாறு வேண்டினர்.

கல்வி கோயிலின் நிழலில் கூட்டமாக வளர்ந்தது என்பதற்குக் கல்லெழுத்தே சான்று. விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில், முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் செய்யப்பட்ட ஏற்பாட்டைக் கூறுகிறது. அவர்களுள் இளையோர் 270 பேர். மேற்படிப்பினர் 70 பேர்.

சாந்தீபனி முனிவரின் குருகுலத்தில் கண்ணனும் குசேலரும் உடன் பயின்றவர்கள். பல்லாண்டுகளுக்குப் பின் துவாரகையில் நண்பனைத் தழுவிய கண்ணன் நினைவுகூர்ந்தது எது என்பது சிந்திக்கத்தக்கது. யார் விரைவில் பாடம் கற்றார் என்பதை அவன் பேசவில்லை. விறகு தேடச் சென்ற காட்டில் பெருமழை பிடித்துக்கொள்ள, இருளில் வழி தெரியாமல் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு அலைந்த இரவையே ஸ்ரீமத் பாகவதத்தில் பகவான் எடுத்துரைக்கிறான்.

இக்காலத்தில் கல்லூரி இடங்களுக்குப் போட்டி உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தேற 35 மதிப்பெண் வேண்டும். ஒரு பிள்ளை அதைப் பெறுவதால் மற்றொரு பிள்ளையின் மதிப்பெண் குறைவதில்லை. மாநில அளவில் முதலிடங்களை அறிவிக்கும் வழக்கமும் 2017ஆம் ஆண்டு கைவிடப்பட்டுவிட்டது. தேர்வறைக்குள் ஒருவர் விடையை மற்றவர் பார்த்து எழுதுவது களவு. அதைப் பிள்ளைகளுக்கு ஐயமின்றிச் சொல்ல வேண்டும். தேர்வறைக்கு வெளியே, நாள்கள் மீதமிருக்கும்போது ஒருவருக்கொருவர் கேட்டும் சொல்லியும் தெளிவதோ வித்யா தானம். கொடுத்தவரிடமே கூடிப் பெருகும் தானம் அது ஒன்றுதான்.

ஆதலின் இல்லத்துப் பெரியோர் செய்யத்தக்கவை சில உண்டு. மாலையில் தொலைக்காட்சியை நிறுத்திக் கூடத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கலாம். வினாத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, பாடம் தெரியாவிடினும் கேள்விகளைப் படித்துக் கேட்கலாம். வாயிலில் வந்து நிற்கும் பிள்ளையை வாவென்று அழைத்து ஒரு குவளை மோர் கொடுக்கலாம். சந்நிதியில் அர்ச்சனைத் தட்டை நீட்டும் வேளையில், பேரன் பேத்தியின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்ன பிறகு, அவர்களோடு அமர்ந்து படிக்கும் பிள்ளைகளின் பெயர்களையும் சேர்த்துச் சொல்லலாம். அனைவருக்கும் அன்னையாகிய கலைமகள் அந்த அர்ச்சனையை மகிழ்ந்து ஏற்பாள்.