அத்தாவின் கடைசி இரவுகள்



உங்கள் வீட்டில் ஒருவர் மௌத்தாகிச் சில வாரங்களே ஆன நிலையில், கையில் படிவத்துடன் ஒரு பெண் வந்து அவருடைய நோயைப் பற்றி விசாரித்தால் என்ன செய்வீர்கள்? சில ஆண்டுகளுக்கு முன், மூலனூரில் எங்கள் வீட்டு வாசலில் அப்படி ஒருவர் வந்து நின்றபோது எனக்குச் சினமே மூண்டது. "வயதாகிவிட்டது, போய்விட்டார்" என்று சொல்லி அனுப்ப முயன்றேன்.

அப்பெண் பணிவுடன் மீண்டும் கேட்டார். இருமல் எத்தனை மாதம் இருந்தது? உடல் மெலிந்ததா? பீடி குடிப்பாரா? நான் விழித்தேன். இத்தா இருந்த அம்மாதான் உள்ளறையிலிருந்து பதில் சொன்னார்: "கடைசி நாற்பது இரவும் அவர் படுக்கவே இல்லை. படுத்தால் மூச்சு முட்டும். தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்."

பருத்தி ஏலத்திற்குப் போய் வந்த அத்தாவின் இருமலுக்குப் பஞ்சுத் தூசிதான் காரணம் என்று நாங்கள் இருந்துவிட்டோம். மரணத்தைப் பதிவு செய்தபோதும் 'முதுமை' என்றே சொல்லியிருந்தோம்.

இத்தகைய விசாரணையின் பயனைப் பின்னரே அறிந்தேன். 1990களின் பிற்பகுதியில் சென்னையிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களைப் பற்றி டாக்டர் கஜலட்சுமி குழுவினர் அவர்களுடைய குடும்பத்தாரிடம் கேட்டறிந்தனர். இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதிக்குப் புகைப்பழக்கம் காரணமாகிறது என்று 2003இல் வெளியான அந்த ஆய்வு காட்டியது. மனைவியரும் மக்களும் வாய் திறந்ததால் கிடைத்த உண்மை அது!

ஆனால் மரணத்தின் காரணம் மட்டும் தெரிந்தால் போதுமா? கடைசி நாட்களில் எவ்வளவு வலி, மருந்து கிடைத்ததா, அருகிலிருந்து பார்த்தவர் யார் என்பனவும் கணக்கில் வரவேண்டாமா? மரணத்தறுவாயில் இருப்போருக்கான பராமரிப்பில் 40 நாடுகளை 2010இல் ஒப்பிட்டபோது, இந்தியா 40ஆம் இடத்தில் நின்றது. தமிழகத்தில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சை வீட்டிற்கே வருகிறது. எந்த வீட்டில் யார் மூச்சு முட்டி உட்கார்ந்திருக்கிறார் என்பதை நாம் சொன்னாலன்றோ அவர்கள் வருவார்கள்?

அன்று அப்பெண் எழுதி முடித்ததும் அம்மா சொன்னார்: "இதையெல்லாம் அவர் இருக்கும்போது யாரும் கேட்கவில்லையே!"

கேட்டிருக்க வேண்டியவன் நான். ஆகவே சொல்கிறேன்: கணக்கெடுக்க வருபவருக்குக் கதவைச் சாத்தாதீர்கள்; நடந்ததை முழுமையாகச் சொல்லுங்கள். அதற்கும் முன்பாக, உங்கள் வீட்டு முதியவரின் அருகில் இன்றிரவே சற்று அமர்ந்து, எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்.