வாடை தொடங்க முன்

நயினாதீவில் தகரக் கூரை போட்ட எங்கள் ஆட்களுக்காக இது.

சோளகம் ஓய்ந்து ஐப்பசி மழை பிடிக்க முன் கிடைக்கிறது சில கிழமைகள்தான். கடல் குழம்பினால் குறிகட்டுவானுக்குப் போய் ஒரு ரியூப் வாங்கி வரவும் ஏலாது.

1990 ஒக்ரோபரில் வெளியேற்றப்பட்டு, பல வருசம் கழித்துத் திரும்பி வந்து போட்ட கூரைகள் இவை. புத்தளத்திலேயே தங்கிவிட்ட சொந்தங்களின் பூட்டின வீடுகளையும் நாங்கள்தான் பார்க்கிறோம். இரண்டு மாரி ஒழுகினால், அந்த வீட்டுக்கு இனி யார் வருவார்?

ஒழுக்கு பெரும்பாலும் ஆணித் தலையில்தான். வெயிலில் றப்பர் வோஷர் வெடிக்கும், உப்புக் காற்று ஆணியைத் தின்னும். துருவின் மேல் பூசினால் உள்ளே துரு ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் ஆணியை மாற்றுங்கள்.

சிலிக்கன் வாங்கும்போது ரியூப்பில் 'நியூட்ரல்' என்று இருக்கிறதா பாருங்கள். பூசும்போது வினாகிரி மணக்கிற வகை கண்ணாடிக்குச் சரி, நாகம் பூசின தகரத்தை அரிக்கும். பழைய சிலிக்கனை முழுக்கச் சுரண்டி எடுங்கள், அதன் மேல் புதியது ஒட்டாது.

பூச முன் நல்ல தண்ணியில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். உவர்த் தண்ணி காய்ந்தால் உப்புப் படியும், பசை உப்பில்தான் ஒட்டும். குடிக்கிற தண்ணியைக் கூரைக்கோ என்று உம்மாமார் ஏசுவார்கள். அரை வாளி போதும் என்று சொல்லுங்கள்.

தனியே இருக்கிற வயதானவர்கள் ஏற வேண்டாம். வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு சொன்னால் பெடியளோடு நாங்கள் வருகிறோம். ஏணி பள்ளிவாசலில் இருக்கிறது.