ஆறாவது ஆட்டக்காரர்

கூடைப்பந்தாட்டத்தில் ஓர் அணியின் சார்பில் ஒரே வேளையில் ஐவர் மட்டுமே களத்தில் நிற்கலாம். இது சிறுபிள்ளைகளும் அறிந்த விதி. ஆனால் ஆட்டத்தின் வேகத்தில் ஆறாவது ஆள் ஒருவர் களத்தில் நின்றுவிட்டால் மத்தியஸ்தர் என்ன செய்ய வேண்டும், யாரைத் தண்டிக்க வேண்டும் என்று கேட்டால், விளையாட்டுச் செய்தி எழுதுவோரிலும் பலர் சற்றுத் தயங்குவர். அதற்கான விதி மிகவும் நியாயமானது. அந்த நியாயத்தைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்குச் சப்ரகமுவத் தோட்டங்கள் நினைவுக்கு வருகின்றன.

முதலில் விதியைப் பார்ப்போம். மாற்று ஆட்டக்காரர் நினைத்தவுடன் களத்தில் இறங்கிவிட முடியாது. அவரே புள்ளிப் பதிவு மேசைக்குச் சென்று அனுமதி கேட்க வேண்டும். அவருக்காகப் பயிற்றுவிப்பாளர் கேட்க இயலாது. உரிய இடைவேளை வாய்த்ததும் மேசையிலிருந்து ஒலி எழும். மத்தியஸ்தர் கைகாட்டி அழைக்கும் வரை அவர் எல்லைக்கோட்டுக்கு வெளியிலேயே நிற்க வேண்டும். வெளியேறுபவரோ எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நேரே தம் இருக்கைக்குப் போய்விடலாம். குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. உள்ளே வருபவரை எல்லோரும் பார்க்கிறார்கள்; வெளியே போக வேண்டியவர் போனாரா என்பதை எவரும் கவனிப்பதில்லை.

கடிகாரம் ஓடும்போது அறுவர் நிற்பது தெரியவந்தால், எதிரணிக்குப் பாதகம் நேராத வகையில் ஆட்டம் நிறுத்தப்படும். மிகையாக நின்றவர் வெளியேற்றப்படுவார். தொழில்நுட்பத் தவறு ஒன்று பதியப்படும். அது பதியப்படுவது அந்த ஆட்டக்காரரின் பெயரில் அன்று, தலைமைப் பயிற்றுவிப்பாளரின் பெயரில். எதிரணிக்கு ஒரு தண்ட எறிதல் கிடைக்கும். அதற்கு முன்பே அந்த ஆறாவது ஆள் கூடைக்குள் பந்தைப் போட்டிருந்தால்? சர்வதேச கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்தின் விளக்கப்படி அந்தப் புள்ளிகள் செல்லும்.

எங்கள் நாட்டின் தேசிய விளையாட்டான கரப்பந்தாட்டத்தில் நடைமுறை வேறு. அங்கே முறைகேடான மாற்றம் கண்டுபிடிக்கப்பட்டால் எதிரணிக்கு ஒரு புள்ளியும் பந்தை ஏவும் உரிமையும் வழங்கப்படும். தவறு நேர்ந்த கணத்திலிருந்து தவறிழைத்த அணி பெற்ற புள்ளிகள் அழிக்கப்படும். ஒரு விளையாட்டு உழைப்பின் பயனை ஏற்றுக்கொண்டு பொறுப்பாளரைக் கண்டிக்கிறது. மற்றது பயனையே இல்லாமற் செய்கிறது. இரண்டுக்கும் தத்தம் தருக்கம் உண்டு.

பல ஆண்டுகளுக்கு முன் இரத்தினபுரி மாவட்டத்தில் பாடசாலை மாணவியருக்கான கூடைப்பந்தாட்டப் போட்டியொன்றைப் பார்த்தேன். தோட்டத்துப் பிள்ளைகள் சிலரும் ஓர் அணியில் இருந்தனர். சமதரை கிடைப்பதே அரிதான மலைச்சரிவுகளில் வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். சீமெந்துத் தளம் போட்ட ஆடுகளத்தை அவர்கள் காண்பதே இப்படிப்பட்ட நாட்களில்தான். மாற்றம் ஒன்றின்போது யார் வெளியே வருவது என்பதைப் பயிற்றுவிப்பாளர் தெளிவாகச் சொல்லவில்லை. இறப்பர்த் தோட்டமொன்றிலிருந்து வந்த ஒரு சிறுமி களத்திலேயே நின்றுவிட்டாள். விசில் ஒலித்ததும் பயிற்றுவிப்பாளர் அவளைத் திட்டத் தொடங்கினார். மத்தியஸ்தர் ஒன்றும் பேசாமல் மேசைப்பக்கம் திரும்பி, தவறைப் பயிற்றுவிப்பாளரின் பெயரில் பதியச் சொன்னார். பிறகு அழுதுகொண்டு நின்ற பிள்ளையிடம் போய், "இது உன் கணக்கில் இல்லை, மகள்" என்றார். அன்றைய போட்டியில் வென்றது யார் என்பது எனக்கு இப்போது நினைவில்லை. அந்த வார்த்தைகள் மட்டும் மறக்கவில்லை.

கணக்கு என்பது தோட்டத்தில் பெரிய சொல். காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவதோடு அங்கே நாள் விடிகிறது. செக்ரோலில் பெயர் விழுந்தால்தான் கூலி. ஒரு நாள் வேலைக்கே 'பேர்' என்றுதான் சொல்லுவார்கள். கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் எட்டியாந்தோட்டையிலும் தெரணியகலையிலும் தலைமுறை தலைமுறையாக இந்தப் பதிவேட்டுக்குள் வாழ்ந்தவர்கள் அந்த மக்கள்.

அப்படிப் பெயர் கூப்பிட்டுக் களத்தில் இறக்கப்பட்டவர்களைத்தான் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மிகையானவர்கள் ஆக்கிற்று. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 975,000 பேர் என மதிப்பிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டார்கள். எஞ்சிய 150,000 பேரை 1974இல் ஆளுக்கு 75,000 எனப் பாதியாக்கிக்கொண்டார்கள். களத்தில் நின்றவர்களிடம் எவரும் கேட்கவில்லை. மாற்று ஆட்டக்காரர்கூடத் தாமே மேசைக்குச் சென்று கேட்க வேண்டும் என்கிறது விளையாட்டு விதி. இங்கே இரு தலைநகரங்கள் கேட்டுக்கொண்டன, இரு தலைநகரங்கள் தீர்த்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறியவர்களுள் சப்ரகமுவத் தோட்டத்தாரும் இருந்தார்கள்.

அவர்கள் ஈட்டிய புள்ளிகளோ அப்படியே செல்லுபடியாகி நின்றன. அவர்கள் பறித்த கொழுந்தும் வெட்டிய இறப்பர்ப் பாலும் நாட்டுக்கு ஈட்டிக் கொடுத்த அந்நியச் செலாவணியை எவரும் கணக்கிலிருந்து அழிக்கவில்லை. புள்ளியை வைத்துக்கொண்டு ஆளை வெளியேற்றினார்கள். அந்த அளவில் அது கூடைப்பந்தாட்ட விதியேதான். விதியின் மறுபாதியை மட்டும் விட்டுவிட்டார்கள். பதிவேட்டைக் கையில் வைத்திருந்தவர்களின் பெயரில் எந்தத் தவறும் பதியப்படவில்லை. தண்டம் முழுவதும் களத்தில் நின்றவர்களின் கணக்கிலேயே விழுந்தது. உண்மையில் அவர்கள் ஆறாவது ஆட்டக்காரர்களும் அல்லர். ஐவருள் ஒருவராகவே அழைத்து வரப்பட்டவர்கள்.

ஒப்பந்த நாள் முதல் இங்கேயே வாழ்ந்தவர்களுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. 55 ஆண்டுகள் ஆயின. வாக்கு கிடைத்துவிட்டது, ஆனால் பரம்பரையாக வாழ்ந்த லயத்தின் காணிக்கு உறுதி இல்லாத குடும்பங்கள் சப்ரகமுவவில் இன்றும் பல.

எண்ணிக்கை பிழைத்துவிட்டதென்று யாரேனும் கூச்சலிடும்போது நம் கண் முதலில் போவது களத்தில் நிற்கும் ஏழையின் மீதுதான். நல்ல மத்தியஸ்தர் அந்த வேளையில் மேசைப்பக்கம் திரும்புகிறார். பெயர்களை எழுதியவர் யார், ஆட்களை இறக்கியவர் யார் என்று பார்க்கிறார். நாட்டை ஆள்வோருக்கும் செய்தி எழுதுவோருக்கும் இந்தப் பழக்கம் வேண்டும்.