கரையில் இருப்பவர்

என் பெரியப்பா மகன் பாரிஸுக்கு வெளியே ஒரு புறநகரில் இருக்கிறார். மாங்கனித் திருவிழாவுக்குக் காரைக்கால் வந்திருந்தபோது ஒரு கட்டுக் காகிதத்தை என் மேஜைமேல் வைத்து, “நீதானே இங்கிலீஷ் படிச்சவன், பார்த்துச் சொல்லு” என்றார். அண்ணனுக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு, ஆங்கிலம் தகராறு. எனக்கு நேர்மாறு. 1962இல் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். பெரியப்பாவுக்கு அப்போது வயது இருபத்திரண்டு. பிரான்சுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டாளத்துக்குப் போய் ‘சொல்தா’ ஆனார். தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. அப்பா சிறுபையன், தாத்தாவோடு இந்தியராகவே நின்றுவிட்டார். ஒரே திண்ணையில் நடந்த அந்தப் பாகப்பிரிவினையில் என் பங்குக்கு வந்தது ஆங்கில இலக்கியத்தில் ஒரு பி.ஏ.யும் வங்கி கவுண்டரும்.

காகிதங்கள் ஓர் உல்லாசப் படகை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தம். குவாதலூப்பில் ஏறி மர்த்தினிக்கில் இறங்குவதாகத் திட்டம். நான்கு குடும்பங்கள், எட்டுப் பேர், பிப்ரவரி மாதம். கரீபியக் கடலில் ஜூனிலிருந்து நவம்பர்வரை புயல் காலம். அது கழிந்தபின் கிழக்கிலிருந்து சீரான காற்று அடிக்கும். வாடகையும் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். வாடகை என்று போட்டிருப்பது படகுக்கும், அதை ஓட்டுகிறவருக்கும், சமையல் செய்கிறவருக்கும் மட்டுமே. எண்ணெய், சாப்பாடு, துறைமுகக் கட்டணம் இவற்றுக்கெல்லாம் வாடகையில் மூன்றில் ஒரு பங்குவரை முன்பணமாகக் கட்டவேண்டும். ஏறிய இடத்தில் இறங்காவிட்டால் படகைத் திருப்பி ஓட்டிப்போகும் செலவு தனி. பயணத்தை ரத்து செய்தால் எவ்வளவு பிடித்துக்கொள்வார்கள் என்பது எல்லாவற்றையும்விடச் சின்ன எழுத்தில் இருந்தது. மொத்தத் தொகை என் நாலு வருஷச் சம்பளத்தைத் தாண்டியது. சிவப்பு மையில் மூன்று இடங்களில் கோடு போட்டேன். பிறர் பணத்தைப் படிப்பதில் எனக்குக் கூச்சம் விட்டுப்போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன.

படகின் வகை கட்டமரான். “நம்ம கட்டுமரம்டா அது” என்றார் அண்ணன். இந்தப் பெருமையை மேடையில் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்திருக்கிறது. டாம்பியர் என்ற ஆங்கில மாலுமி 1697இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையில் கண்ட மிதவைக்கு இந்தப் பெயரைப் பதிவு செய்தார். 1876இல் அமெரிக்காவில் ஹெரஷாஃப் கட்டிய இரட்டை உடல் படகு பந்தயத்தில் எல்லாவற்றையும் முந்தியது. அந்த வகைக்கும் இதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் இரட்டை உடல் பசிபிக் தீவுக்காரர்களின் பழைய வித்தை. நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவை. கப்பலேறிப் போனது பெயர்தான். பொருள் இங்கேயே கிடந்தது. ஃபைபர் படகுகள் வந்தபின் அதுவும் அருகிவிட்டது.

ஒப்பந்தத்தோடு ஒரு படிவம். எட்டுப் பேரில் யாருக்கு எது பிடிக்கும், எது ஒத்துக்கொள்ளாது, காலையில் காப்பியா டீயா, தலையணை எப்படி வேண்டும். பிறகு ஒரு வரைபடம்: மரி கலாந்த், லே சேன்த், தொமினிக்கா, கடைசியில் மர்த்தினிக்கின் சேன் பியேர். கடைசிப் பெயரில் என் விரல் நின்றது.

‘ஓரெலி’ என்ற கப்பல் 1853 மே 6ஆம் தேதி, நம் கரையிலிருந்து முன்னூற்றுச் சொச்சம் பேரோடு வந்து நின்ற இடம் அது. மறு வருஷம் டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப்புக்குப் போயிற்று. 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1880கள்வரை குவாதலூப்புக்கு ஏறக்குறைய 42,000 பேர், மர்த்தினிக்குக்கு 25,000 பேர். பெரும்பாலோர் ஏறியது புதுச்சேரியிலும் காரைக்காலிலும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மாதப் பயணம். அதற்கும் ஒப்பந்தம் உண்டு. 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி ஐந்து வருஷத்துக்கு மேற்படாத வேலை. வாரத்தில் ஆறு நாளுக்கும், நாளில் ஒன்பதரை மணிக்கும் மேல் கட்டாயமில்லை. வாசகம் சுத்தமாகவே இருக்கிறது. தோட்டத்தில் என்ன நடந்தது என்பது வேறு.

இந்த இரண்டு ஒப்பந்தங்களையும் அக்கம்பக்கம் வைத்தால் ஒரு கவிதை தானாகவே எழுந்து நிற்கும். நம் பத்திரிகைகளில் எழுதுகிற யாரும் காலைக் காப்பி ஆறுவதற்குள் அதை முடித்துவிடலாம். நான் முடித்தவன். பத்து வருஷத்துக்கு முன், கரும்பு, உப்பு, சங்கிலி எல்லாம் வைத்து ஒரு நீண்ட கவிதை எழுதினேன். நண்பர்கள் பாராட்டினார்கள். அதில் வரி தவறாமல் ‘நாங்கள்’ வந்துகொண்டிருந்தது. நாங்கள் ஏறினோம், நாங்கள் வாந்தியெடுத்தோம், நாங்கள் செத்தோம்.

எந்த நாங்கள்? போனவர்களில் பெரும்பாலோர் காரைக்கால்காரர்கள் அல்லர். நண்டலாற்றுக்கு அந்தப் பக்கம், தஞ்சாவூர் ஜில்லாவின் சேரிகளிலிருந்தும் வறண்ட தாலுகாக்களிலிருந்தும் வந்தவர்கள். ஆள் பிடித்துக்கொண்டு வந்து சேர்க்க மேஸ்திரிகள் இருந்தார்கள். ஏமாற்றியும் கடத்தியும் எல்லை தாண்டிக் கொண்டுவருகிறார்கள் என்று பிரிட்டிஷார் ஓயாமல் புகார் செய்தார்கள். இந்த ஊரின் பிழைப்பே எல்லைதான். இந்தப் பக்கம் சட்டம் வேறு, விலை வேறு. இன்றைக்கு வாஞ்சூர்ச் சாராயக் கடையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தாலே அது விளங்கும். அன்றைக்கு இங்கே இருந்தவர்கள் தங்க இடம் கொடுத்தார்கள், அரிசி விற்றார்கள், தலைக்கு இவ்வளவு என்று வாங்கினார்கள், தலைகளை எண்ணிப் பேரேட்டில் எழுதினார்கள். கரையிலேயே நின்றவர்களின் வழியில் வந்தவன் நான். என் தொழிலும் எண்ணி எழுதுவதே. என் கவிதையில் மேஸ்திரி இல்லை, கணக்கப்பிள்ளை இல்லை. எல்லோரும் கப்பலில் ஏறிவிட்டார்கள்.

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை நான் திரும்பத் திரும்பப் படிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது. கடல் கடந்த தமிழனைப் பற்றி எழுதும்போது அவர் அழ உட்காரவில்லை. வட்டிக்கடைப் பெட்டியடியில் உட்கார்ந்திருப்பவனின் கண் அவருக்கு இருந்தது.

இதையெல்லாம் அண்ணனிடம் கொஞ்சம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. கட்டாய ராணுவ சேவையின்போது அவரைக் குவாதலூப்பில்தான் போட்டிருந்தார்களாம். கப்பெஸ்தேர் என்ற ஊரில் ஒரு கடைக்காரர், இவர் ஊர்ப் பெயரைக் கேட்டதும் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார். மாரியம்மனுக்குப் பெயர் அங்கே ‘மாலியேமேன்’. நம் மசாலாக் குழம்புக்குப் பெயர் ‘கொலம்போ’. தமிழ் தெரியாத ஒரு பாட்டி பிரெஞ்சில் கேட்டிருக்கிறாள்: காரிக்காலில் எங்கள் வீடு இன்னும் இருக்கிறதா?

“என்ன சொன்னீங்க?”

“இருக்குன்னேன்.”

“எந்த வீடு?”

“எனக்கென்னடா தெரியும்? கிணறு இருக்கான்னாங்க, இருக்குன்னேன். வேப்பமரம்னாங்க, அதுவும் இருக்குன்னேன்.”

அந்தக் கடைக்காரர் இன்னும் இருக்கிறார், பிப்ரவரியில் அவரைப் பார்க்கவும்தான் போகிறார்கள். “ஏதாவது ஒரு பழைய வீடா, ஓடு போட்டது, கிணத்தோட, போட்டோ எடுத்துக் குடு” என்றார். வாடகைக் கணக்கெல்லாம் முடிந்தபின், காகிதத்தை மடித்துக்கொண்டே, போகிற போக்கில்.

முடியாது என்றேன். அவர்கள் குடும்பத்தில் தங்கியிருப்பது ஊரின் பெயரல்ல, கப்பலேறிய துறையின் பெயர் என்று விளக்கினேன். வீடு இருந்திருந்தால் அது மன்னார்குடிப் பக்கத்திலோ வேறெங்கோ இருந்திருக்கும், அங்கே அவர்களுக்குக் கிணறு இருந்திருக்குமா என்பதே சந்தேகம் என்றேன். சரியாகத்தான் சொன்னேன்.

“இதை நான் அவன்கிட்டப் போய்ச் சொல்லணுமா?” என்றார் அண்ணன்.

அந்த ஊரில் பிறந்த ஆன்ரி சிதம்பரம், அங்குள்ள இந்தியர்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று 1904இல் தொடங்கிய போராட்டம் 1923இல்தான் முடிந்தது. பெரியப்பாவுக்கு ஒரு கையெழுத்தில் கிடைத்த பிரஜையுரிமை அது. அதை வாங்கிவிட்ட பிறகும் அவர்கள் கேட்பது ஒரு கிணற்றை. நான் பத்து வருஷத்துக்கு முன் இல்லாத சங்கிலியை எழுதிப் பாராட்டு வாங்கினேன். அண்ணன் இல்லாத கிணற்றைச் சொல்லி ஒரு வேளைச் சாப்பாடு வாங்கினார். இரண்டில் எது மோசம் என்று என்னால் இன்றும் தீர்மானிக்க முடியவில்லை. அவருடைய பொய் ஒரு முகத்தைப் பார்த்துச் சொன்னது என்பது மட்டும் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அரசலாற்று முகத்துவாரத்துக்குப் போனேன். அந்தக் காலத்தில் கப்பல் தூரத்தில் நிற்கும். ஆட்களைச் சலங்குகளில் அலை தாண்டிக் கொண்டுபோய் ஏற்றுவார்கள். எந்த ஜில்லாக்காரனாக இருந்தாலும் கடைசியாகக் கால் வைத்தது இந்த மணலாகத்தான் இருக்கவேண்டும். நாலைந்து படம் எடுத்தேன். ஒன்றில் நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவரின் முதுகு விழுந்திருந்தது. அதை விலக்கிவிட்டு மற்றவற்றை அண்ணனுக்கு அனுப்பினேன். “வீடு எங்கடா?” என்று கேட்டார். பதில் எழுதவில்லை. அந்தப் படங்களைக் காட்டி அவர் அங்கே என்ன சொல்வார் என்பதை நான் கேட்டுக்கொள்ளப்போவதில்லை.

அவர் ஊருக்குத் திரும்புவதற்கு முந்தைய இரவு, பயணிகளின் பட்டியலை நிரப்பினோம். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், நாடு. எட்டுக்கும் பிரான்ஸ். என்னுடையது போன்ற பாஸ்போர்ட்டாக இருந்தால் விசா வேண்டும். கடைசிக் கட்டத்தில், ஆபத்து நேர்ந்தால் கரையில் யாருக்குத் தெரிவிக்கவேண்டும் என்று கேட்டிருந்தது. பிள்ளைகள் எல்லோரும் படகிலேயே வருகிறார்களே என்று அண்ணன் கொஞ்சம் யோசித்தார்.

“உன் பேரைப் போடு” என்றார்.

பெரிய எழுத்தில், வங்கியில் எழுதுவதுபோல, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதினேன்.