ஒரு ஹார்னெஸ், மூன்று இடுப்பு

பனிக்கட்டியை பிரிட்ஜின் மேல்தட்டில் மட்டும் கண்ட மூன்று பேர், உறைந்த நீர்வீழ்ச்சி ஏறவும் உதவுகிற ஒரு ஹார்னெஸைத் தெரிவு செய்ய இரண்டு மாதம் சண்டை பிடித்தோம் என்றால் எங்கள் பட்ச்சில் சிரிப்பார்கள். சிரித்தும் இருக்கிறார்கள். "ஆர்ட்ஸ் பக்கல்டிக்கு இனி இதுதான் குறை" என்றான் ஒருவன். அவனுக்காகவும் இதை எழுதுகிறோம்.

நாங்கள் மூன்று பேரும் ஒரே ஹொஸ்டல், ஒரே அறை. பேராதனைக்கு வந்து முதலாம் வருஷம் ஹந்தானை ஏறாத பிள்ளை குறைவு. நாங்களும் ஏறினோம். அட்டை கடித்தது, மழை நனைத்தது, திரும்பி வந்து மாகி அவித்துத் தின்றோம். அது நடை. கயிறு கட்டி ஏறுவது இரண்டாம் வருஷம்தான் தொடங்கியது. தெரிந்த அண்ணா ஆட்கள் சிலர் சனிக்கிழமைகளில் ஒரு பாறைக்குப் போவார்கள். கயிறு, ஹெல்மெட், ஹார்னெஸ் எல்லாம் அவர்களுடையது. நாங்கள் பஸ் காசும் சோற்றுப் பார்சலும் மட்டும் கொண்டு போவோம்.

மூன்றாவது சனிக்கிழமை எங்களில் கட்டையானவள் கால் வழுக்கித் தொங்கினாள். பெரிய விழுகை இல்லை, ஒரு முழம்தான் இருக்கும். ஆனால் அன்றைக்கு அவளுக்குக் கிடைத்த ஹார்னெஸ் பெரியது. இடுப்புப் பட்டி இடுப்பெலும்பை விட்டு விலா வரைக்கும் ஏறிவிட்டது. "இறக்குங்கோ" என்று கத்தக்கூட அவளால் முடியவில்லை. கீழே நின்ற எங்களுக்கு அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று விளங்கவில்லை. இறக்கின பிறகு பார்த்தால் இரண்டு பக்கமும் கண்டிப்போன தடம். "பெல்ட்டை இன்னும் இறுக்கியிருக்கலாம்" என்றார்கள். இறுக்கித்தான் இருந்தது. இறுக்க அதற்கு மேல் இடமில்லை.

அந்தக் கிழமைதான் ஹார்னெஸ் என்றால் என்ன என்று நாங்கள் ஒழுங்காக வாசித்தோம். முந்தி மலையேறுகிறவர்கள் கயிற்றை நேரே இடுப்பில் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். விழுந்து தொங்கினால் விலாவை நெரித்து மூச்சு முட்டும். பாரத்தைத் தொடைகளுக்கும் பிரித்துக் கொடுக்கிற இருக்கை மாதிரியான ஹார்னெஸ் பரவலாகப் பாவனைக்கு வந்ததில் டொன் வில்லன்ஸ் என்ற ஆங்கிலேயருக்குப் பங்குண்டு. 1970ஆம் ஆண்டு அன்னபூர்ணாவின் தெற்கு முகத்தை ஏறப் போன குழுவுக்காக அவர் வடிவமைத்தது பிறகு கடைக்கும் வந்தது. அதாவது எங்கள் தோழிக்கு நடந்தது, ஐம்பது வருஷத்துக்கு முந்தியே ஆட்கள் தீர்வு கண்டுவிட்ட பிரச்சினை. அளவு பிழைத்தால் அந்தத் தீர்வு வேலை செய்யாது, அவ்வளவுதான்.

ஆகவே சொந்தமாக ஒன்று வாங்குவது என்று முடிவெடுத்தோம். மூன்று பேருக்கும் ஒன்று.

பனி எங்கிருந்து வந்தது என்றால், எங்களில் உயரமானவளால். 2016 மே 21 அன்று ஜயந்தி குரு உடும்பல எவரெஸ்ட் உச்சியில் நின்ற முதலாவது இலங்கையரானபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. அன்றிலிருந்து அவளுக்கு இந்தப் பைத்தியம். உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம் நடத்துகிற அடிப்படைப் பயிற்சியைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுப்பாள்: முதலில் பாறை, பிறகு பனியாறு. அங்கே கருவிகளை அவர்களே தருவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். பிறகு ஏன் சொந்த ஹார்னெஸ் பனிக்கும் ஒத்துவர வேணும்? உண்மையைச் சொன்னால், ஆசை. விண்ணப்பம்கூட இன்னும் போடவில்லை. ஆனால் பாறைக்கு மட்டுமான ஒன்றை வாங்கினால் அந்தக் கதை அதோடு முடிந்துவிடும் என்று அவள் நினைத்தாள். நாங்களும் அதை முடிக்க விரும்பவில்லை.

கட்டையானவளுடைய மச்சாள் ஒருத்தி ரொறன்ரோவில் இருக்கிறா. கோடையில் மில்டன் பக்கம் ரட்டில்ஸ்னேக் பொயின்ற் சுண்ணாம்புப் பாறையிலும், மாரியில் வடக்கே போய் உறைந்த அருவிகளிலும் ஏறுகிற ஆள். நல்லூர்த் திருவிழாவுக்கு வர இருந்தா. கேட்டதும் உடனே வட்ஸ்அப்பில் குரல் அனுப்பினா: "என்ரை பழசு ஒண்டு கிடக்கு, அதைத் தாறன். இல்லாட்டி புதுசு வாங்கிக்கொண்டு வாறன். ஆனா எது எண்டதை நீங்கள்தான் சொல்ல வேணும். உடம்பு உங்கடை."

முதல் சண்டை மெத்தையைப் பற்றியது. பாறையில் ஏறுகிறவர்கள் ஒரே இடத்தில் நெடுநேரம் தொங்குவார்கள். அதனால் அகலமான, தடித்த இடுப்புப் பட்டி சுகம். பனியில் அதே தடிப்பு பகை. பஞ்சு மாதிரி நனைந்து, பிறகு விறைத்துப் போகும். அங்கே மெல்லியதும் தண்ணீர் உறிஞ்சாததும்தான் நல்லது. இரண்டுக்கும் ஒன்று என்றால் நடுவில் நிற்க வேணும். மச்சாள் சொன்ன ஒரு சொல் உதவியது: "பனியிலை உடுப்பே மெத்தைதான் பிள்ளையள்." அப்படியென்றால் பாறைக்குக் கொஞ்சம் மெத்தை இருக்கட்டும், தண்ணீர் பிடிக்காத நுரையாக இருந்தால் போதும் என்று வந்தோம்.

இரண்டாவது விஷயத்தில் சண்டையே வரவில்லை. தொடைப் பட்டி இரண்டு வகை. ஒன்று அளவு மாறாதது, இலாஸ்டிக்கால் கொஞ்சம் இழுபடும். பாறைக்கு அது போதும், பாரமும் குறைவு. மற்றது பக்கிள் வைத்துக் கூட்டிக் குறைக்கக் கூடியது. பனியில் உள்ளுக்கு ஒரு காற்சட்டை, அதற்கு மேல் கம்பளி, அதற்கும் மேல் நீர் புகாத காற்சட்டை என்று போடுவார்கள். கோடையில் பொருந்திய தொடைப் பட்டி மாரியில் ஏறாது. சிலவற்றில் பட்டியை முழுதாகத் திறந்து, கிராம்பன் பூட்டிய சப்பாத்தைக் கழற்றாமலே ஹார்னெஸைப் போடலாம். எங்களுக்கு இது பனிக்காக அல்ல, மூன்று தொடைகளுக்காகவே தேவைப்பட்டது. கனடாக்காரர் மாரி கோடைக்காகச் செய்ததை நாங்கள் கட்டை, நெட்டை, குண்டுக்காக எடுத்தோம்.

பிறகு ஐஸ் கிளிப்பர் துளைகள். இடுப்புப் பட்டியின் பக்கங்களில் சின்னதாய்த் தைத்திருப்பார்கள். அதற்குள் ஒரு பிளாஸ்டிக் கொளுக்கியைச் செருகினால் ஐஸ் ஸ்க்ரூக்களை அதில் மாட்டலாம். தடித்த கையுறையோடு ஒற்றைக் கையால் எடுக்கலாம். அந்தக் கொளுக்கி சாமான் தொங்கவிட மட்டும்தான். பின்னுக்கும் பக்கத்திலும் இருக்கிற கியர் லூப்களும் அப்படியே, ஆளின் பாரத்துக்குச் செய்தவை அல்ல. ஆளைத் தாங்குவது முன்னுக்கு இருக்கிற பிலே லூப்பும், கயிறு கட்டுகிற இரண்டு புள்ளிகளும். இதை இங்கே அழுத்திச் சொல்வதற்குக் காரணம், எங்களில் ஒருத்தி முதல் நாள் கியர் லூப்பில் கரபினரைக் கொளுவிக்கொண்டு "ரெடி" என்று சொன்னவள். யார் என்று சொல்ல மாட்டோம்.

துளைகள் எங்களுக்கு இப்போதைக்கு ஒன்றுக்கும் உதவாது. ஆனால் அவை இருக்கிறதாலே பாறையில் ஒரு தொல்லையும் இல்லை. உயரமானவள் அதில் விட்டுக்கொடுக்கவே இல்லை. மற்ற இரண்டு பேரும் விட்டுக்கொடுத்தோம்.

யாரும் எழுதாத ஒன்றையும் சொல்லவேணும். தொடைப் பட்டியைப் பின்பக்கம் தாங்குகிற இலாஸ்டிக்கைக் கழற்றக் கூடியதாக இருந்தால், இடுப்புப் பட்டியை அவிழ்க்காமலே சலம் கழிக்கப் போகலாம். நாள் முழுக்க ஆம்பிளையளோடு பாறையில் நிற்கிற பெட்டையளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. தண்ணி குடிக்காமல் நின்று தலையிடியோடு வந்த சனிக்கிழமைகள் எங்களுக்கு உண்டு.

அளவு எடுத்தது ஒரு கூத்து. கடைக்குப் போய்த் தொங்கிப் பார்த்து வாங்க வேண்டிய சாமானை, தையல் டேப்பால் அளந்து ரொறன்ரோவுக்கு அனுப்பினோம். முதலில் ரீசேட்டோடு அளந்தோம். பிறகு நுவரெலியாப் பிள்ளையிடம் சுவெட்டர் இரவல் வாங்கி, இரண்டு ட்ராக்சூட், அதற்கு மேல் மழைக்கோட் என்று போட்டு அளந்தோம். வியர்த்து ஒழுகியது. இடுப்புப் பட்டி இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேணும், கீழே இழுத்தால் எலும்பைத் தாண்டி வரக் கூடாது. பெண்களுக்கென்று செய்பவற்றில் இடுப்புப் பட்டிக்கும் தொடைப் பட்டிக்கும் இடையிலான உயரம் கூட இருக்கும். விலா வரைக்கும் ஏறிய கதைக்குப் பிறகு எங்களுக்கு அது முக்கியம். மிகப் பெரிய இடுப்புக்கும் மிகச் சிறிய இடுப்புக்கும் நடுவில் ஒரு சைஸ்தான் வந்தது. சிறிய இடுப்பு ரீசேட்டோடு நின்றால் பட்டியின் கடைசி வரைக்கும் இறுக்க வேணும். அது யாருடைய இடுப்பு என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் பழைய ஹார்னெஸ். புதுசு வரியோடு தொண்ணூறு டொலருக்கு மேலே. எங்கள் காசுக்கு இருபதினாயிரம் வரும். பழசு சும்மா. கட்டையானவளின் அம்மா போனில் பிடித்துக்கொண்டா: "சும்மா தாறதை வேண்டாம் எண்டு சொல்லுறதோ? அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? ஊர்ப்பட்ட காசைக் கொட்டி இடுப்புக்குப் பட்டி வாங்கீனமாம்!"

மச்சாள் வீடியோவில் பழசைக் காட்டினா. நல்ல கம்பனி, நிறம் மங்கினது. உள்ளே இருந்த லேபலைக் காட்டச் சொன்னோம்: 2013. பிலே லூப்பைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டுவரச் சொன்னோம். ஒரு பக்கம் நூல் பஞ்சாய்க் கிளம்பியிருந்தது.

புது பிலே லூப் ஒன்று ஐரோப்பிய நியமப்படி 15 கிலோநியூட்டன் தாங்க வேணும், ஏறக்குறைய ஒன்றரைத் தொன். ஆனால் நைலோன் வெயிலிலும் உராய்விலும் வயதிலும் பலம் குறையும். பாவிக்காமல் வைத்திருந்தாலும் பத்து வருஷத்தோடு ஒதுக்கச் சொல்லித்தான் பெரிய தயாரிப்பாளர்கள் எழுதுகிறார்கள். 2006 ஒக்ரோபரில் யோசமிட்டியில் ரொட் ஸ்கின்னர் இறந்தது தேய்ந்த பிலே லூப் அறுந்துதான். அந்தக் காலத்துப் பெரிய ஏறுநர்களில் ஒருவர். தேய்ந்திருப்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

இதை எப்படி மச்சாளுக்குச் சொல்லுவது? பரிசாகத் தருகிற ஆளிடம், உங்கடை சாமான் சரியில்லை எண்டு. அதை விட மோசம், "நான் இப்பவும் ஜிம்மிலை அதைத்தானே போடுறன்" என்று அவ சொன்னது. மூன்று பேரும் குரல் அனுப்பப் பயந்து, எழுத்தில் அனுப்பினோம். நாலு தரம் அழித்து எழுதினது: "மச்சாள், குறை நினைக்காதேங்கோ. பழசு எங்களுக்கு வேண்டாம். நீங்களும் அதைப் போடாதேங்கோ."

நீல டிக் விழுந்தது. மூன்று நாள் மறுமொழி இல்லை. அம்மா எடுத்து ஏசினா. உயரமானவள், நாங்கள் கூடிப்போனோமோ என்று கேட்டாள். கட்டையானவள் ஒன்றும் பேசவில்லை. திருவிழாவுக்கு வந்து முகம் பாராமல் போனால் சொந்தத்தில் பதில் சொல்லப் போவது அவள்தான்.

நாலாம் நாள் ஒரு படம் வந்தது. சமையலறை மேசையில் கத்தரிக்கோல், பக்கத்தில் இரண்டாக வெட்டின பிலே லூப். கீழே ஒரு வரி: "குப்பையிலை போட்டால் வேறை ஆரும் எடுத்துப் போடுவினம் எண்டு வெட்டினனான். உங்கடை சைஸைத் திரும்ப அனுப்புங்கோ."

காசை மகாபொலயிலும் ரியூசன் காசிலும் சேர்த்தோம். மச்சாள் பாதி வேண்டாம் என்றா. நாங்கள் முழுதும் கொடுத்தோம், அதிலும் ஒரு சின்னச் சண்டை.

புதுசு இப்போது எங்கள் அலுமாரியில், துணிப் பைக்குள் இருக்கிறது. நுளம்பு ஸ்பிரே அந்தத் தட்டில் வைக்கத் தடை. ஒரு சீஆர் கொப்பியில் செய்த திகதி, முதல் பாவித்த திகதி, யார் எப்போது விழுந்தது எல்லாம் எழுதுகிறோம். முதல் சனிக்கிழமை கட்டையானவள்தான் போட்டாள். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், வேண்டுமென்றே கையை விட்டுத் தொங்கினாள். நாங்கள் கீழே நின்று பட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். அசையவில்லை. "கதைச்சுப் பார்" என்றோம்.

"என்னத்தைக் கதைக்க?" என்றாள், நல்ல சத்தமாக.